பாகூர் கொம்யூன்

கடலூருக்கு வடமேற்கே, தென்பெண்ணையாற்றின் வடகரையை ஒட்டிய நஞ்சைப் பகுதியில் அமைந்தது பாகூர் கொம்யூன். நிர்வாகம் புதுச்சேரியுடையது, தெற்கே ஆற்றைத் தாண்டினால் கடலூர். நெல்லும் கரும்பும் முக்கியப் பயிர்கள். உழவரும் கூலி வேலை செய்வோருமே குடிகளில் பெரும்பகுதி; சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் எல்லை அவர்களுக்குத் தடையாக இருந்ததில்லை. தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கும் இந்த எல்லை பிரெஞ்சுக்காரர் போட்ட கோடு என்றே பலரும் சொல்கிறார்கள். சான்றுகளைப் பார்த்தால், பாகூரை ஒரு தொகுதியாகத் திரட்டியது அதன் ஏரிப் பாசனமும் ஊர்ச்சபையும்தான் என்று தோன்றுகிறது.

9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை அளித்ததைப் பதிவு செய்கின்றன. சுற்றியிருந்த ஊர்களின் விளைச்சல் பாகூரில் வந்து சேர்ந்ததற்கு இதுவே கண்கூடான சான்று. மூலநாதர் கோயிலில் உள்ள சோழர், இராட்டிரகூடர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையும் ஏரிப் பராமரிப்பும் இடம்பெறுகின்றன. அரசர்கள் மாறியபோதும் ஏரியைக் காக்கும் பொறுப்பு ஊராரிடமே இருந்தது.

1880 மார்ச் 12ஆம் தேதியிட்ட பிரெஞ்சு அரசின் ஆணைதானே இதைக் கொம்யூன் ஆக்கியது என்று கேட்கலாம். மேயரும் நகரசபையும் அந்த ஆணையால் வந்தவை என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, 1783 வெர்சாய் உடன்படிக்கை வில்லியனூரையும் பாகூரையும் புதுச்சேரியைச் சார்ந்த இரு மாவட்டங்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 1752இல் ஸ்டிரிங்கர் லாரன்சின் ஆங்கிலப் படை கெர்ஜானின் பிரெஞ்சுப் படையை முறியடித்ததும் பாகூரில்தான். நிலவரி தரும் ஒரு சீமையாகப் பாகூர் ஏற்கெனவே இருந்ததால்தான் இரு வல்லரசுகளும் அதற்காகப் பேரம் பேசின.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாசனம்தான் அடித்தளம் என்றால், பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் தொடங்கும் சொர்ணாவூர் அணைக்கட்டு ஏன் எல்லைக்கு வெளியே, தமிழ்நாட்டில் இருக்கிறது? நவாபு காலத்தில் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த கொடைகள் ஊர்களின் வருவாயைக் கொடுத்தன, நீரின் வழியை அல்ல. கொடையில் சேராத ஊர்கள் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டில் தங்கிவிட்டன. ஆகவே ஏரி இந்தத் தொகுதியின் நடுவைத் தீர்மானித்தது. விளிம்பைத் தீர்மானித்தது வரிக்கணக்கு. அந்தப் பிரிவின் சுமை இன்றும் விவசாயியின் தலையில்தான்: பெண்ணையாற்றில் தண்ணீர் வருமா என்பதை அவரது கொம்யூனால் முடிவு செய்ய முடியாது.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கொம்யூன் பஞ்சாயத்து என்ற அமைப்பைத் தந்தது. ஆனால் புதுச்சேரியில் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏரியைத் தானே பராமரித்த ஊர்ச்சபை மரபுள்ள ஊருக்கு இது பெரும் அநீதி.