புஹார் கிராமத்துச் சுவடிகள்

தாயில்பட்டி வட்டாரத்தில் பழைய தாளுக்கு என்றும் விலையுண்டு. எடைக்கு வாங்கப்படும் தாள் வெடிக்குழாயாகச் சுருட்டப்பெற்று, மருந்தேறி, ஒரு நொடியில் சிதறிப் போகிறது. இதைக் கண்டு பழகிய நமக்குத் தாள் என்றாலே அழியும் பொருள்தான். ஆனால் தாளை அழியாமற் காப்பதையே கடமையாகக் கொண்ட மாளிகை ஒன்றும் நம் நாட்டில் உண்டு. கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகமே அது.

1836-இல் தோன்றிய கல்கத்தா பொது நூலகம் அதன் வித்து. 1903-இல் கர்ஸன் பிரபு இம்பீரியல் நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார். 1948-இல் அது தேசிய நூலகம் எனப் பெயர் மாறிற்று. 1953 பிப்ரவரி 1ஆம் நாள் பெல்வெடியர் மாளிகையில் அதனைத் திறந்து வைத்தவர் கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள். 1912-இல் அந்நகரிலேயே அவர் தொடங்கிய 'அல்ஹிலால்' இதழை முடக்கியது ஆங்கில அரசு. அவ்வரசின் லெப்டினன்ட் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகையை அறிவு நாடுவோர்க்கு உரியதாக்கும் பேறு அவருக்கே வாய்த்தது!

இந்நூலகத்தில் இந்திய மொழிகளுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. தமிழ்ப் பிரிவும் உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்கள் சேர்த்த நூல்களும் அங்கேயே இருக்கின்றன. உறுப்பினர் அட்டை பெற்றோர் வேண்டிய நூலைக் கேட்டு வாங்கி, அமர்ந்து படிக்கலாம். 2004-இல் பாஷா பவன் என்னும் புதுக்கட்டடமும் எழுந்தது.

நம் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. வங்கத்தின் பழைய பர்த்துவான் மாவட்டத்தில் புஹார் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய அரபி, பாரசீகச் சுவடிகள் 1904-இல் இந்நூலகத்துக்கு அளிக்கப்பெற்றன. பின்னர் அவற்றுக்கு விளக்கப் பட்டியலும் அச்சாயிற்று. இன்று எந்நாட்டு ஆய்வாளரும் அச்சிற்றூரின் பெயராலேயே அவற்றைக் கேட்டுப் படிக்கிறார்.

1954-இன் நூல் அளிப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியை முப்பது நாட்களுக்குள் பதிப்பாளர் இங்கு அனுப்ப வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் இவ்வுரிமை உண்டு. ஆயினும் சட்டம் பிறக்குமுன் அச்சான நூல்களை யார் சேர்ப்பது? பாட்டனார் ஓதிய கல்லச்சு அரபுத்தமிழ்க் கிதாபுகள் நம் வீட்டுப் பெட்டிகளில் கறையானுக்கு இரையாகின்றன. வீட்டைப் புதுப்பிக்கும் நாளில் அவை எடைக்குப் போகின்றன.

முதல் வஹீயே ஓதுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. ஓதியோர் விட்டுச் சென்றதைக் காப்பதும் அப்பணியில் ஒரு பங்கன்றோ? பெட்டியைத் திறந்து பார்ப்போம். நூலின் பெயரையும் ஆண்டையும் குறித்து வைப்போம். நம்மால் பேண இயலாததை, பேணத் தெரிந்த நூலகத்திடம் ஒப்படைப்போம். புஹார் செய்ததை நம் ஊர்களும் செய்யக் கூடும், இன்ஷா அல்லாஹ்.