பிரிவைச் சொல்லும் ஒரு பழஞ்சொல்



ஆங்கிலத்தில் 'அசண்டர்' என்றொரு பழஞ்சொல் உண்டு. 'தனித்தனியாக' என்று அகராதி அதற்குப் பொருள் கூறும். ஆயினும், ஒன்றாய் இருந்ததை வலிந்து பிரித்தலையே அது பெரும்பாலும் உணர்த்துகிறது. இவ்வேறுபாட்டை அறிதல் வரலாறு கற்போர்க்கு இன்றியமையாதது.

'தனியே' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லோடு ஒரு முன்னிடைச்சொல் சேர்ந்து, நாளடைவில் தேய்ந்து பிறந்ததே இது. இறைவன் இணைத்தவரை மனிதன் பிரித்தலாகாது என்று திருமணச் சடங்கில் கூறுமிடத்து, 1549ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டு நூல் இச்சொல்லை ஆள்கிறது. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் இது உண்டு. இன்று அன்றாடப் பேச்சில் அரிதாகவே வழங்குகிறது.

ஆனால் இதன் உடன்பிறந்த சொல் எங்கள் முதலிபாளையத்தில் நாள்தோறும் வழங்குகிறது! பின்னலாடை நிறுவனத்தின் கணக்கைத் திறந்தால், 'சண்ட்ரி டெப்டார்ஸ்' என்னும் தலைப்பைக் காணலாம். டாலி மென்பொருளிலும் அதுவே. நமக்குப் பணம் தரவேண்டிய பற்பலர் என்பது பொருள். வேர் ஒன்றே, எனினும் இதில் பிளவின் வலி இல்லை.

தமிழோ இவ்வேறுபாட்டை வினையிலேயே காட்டும். 'பிரிந்தது' தன்வினை, 'பிரித்தார்' பிறவினை. பிறவினை வந்தவுடன், 'பிரித்தவர் யார்? எதற்காக?' என்னும் வினா எழுகின்றது.

இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிடுவோம். 2009ஆம் ஆண்டில் கோவை மாவட்டத்திலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளையும், ஈரோடு மாவட்டத்திலிருந்து காங்கேயம், தாராபுரம் பகுதிகளையும் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைத்தனர். இங்கே பிரித்தலே புதியதோர் இணைப்பும் ஆயிற்று. யாரும் வீடிழந்திலர், உறவும் வாணிகமும் எல்லை கடந்து தொடர்ந்தன. வெள்ளியங்கிரியில் தோன்றும் நொய்யலும் மாவட்ட எல்லை பாராது காவிரியை நோக்கிச் செல்கிறது.

1947ஆம் ஆண்டில் பஞ்சாபும் வங்காளமும் பிரிக்கப்பட்டது இத்தகையதன்று. இலட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர்; கோடிக்கும் மேற்பட்டோர் ஊரையும் உடைமையையும் துறந்து அகதிகளாயினர். நாம் அதனையும் 'பிரிவினை' என்றே வழங்குகிறோம். அண்ணன் தம்பியர் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பாகப்பிரிவினைக்கும் அதே சொல்தான்! அப்பழைய ஆங்கிலச் சொல்லின் முழுப்பொருளும் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் நிகழ்ச்சிக்கே.

ஆதலின், வரலாற்று நூலில் 'பிரிவு' என்னும் சொல்லைக் காணுந்தோறும் சற்றே நின்று நோக்குங்கள். நிருவாகக் கோட்டைப் பிளவு என்று கூறுதல் வீண் பகையை வளர்க்கும். பிளவை வெறுங்கோடு என்று கூறுதல் மக்கள் பட்ட துயரை மறைக்கும். இரண்டும் உண்மைக்குப் புறம்பானவையே.