காலாப்பட்டு நோட்டும் ஆதிமூலம் கோடுகளும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்கா, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல.

போன வாரம் பரணைக் குடைஞ்சப்ப பழைய ஸ்கெட்ச் நோட்டு ஒண்ணு கிடைச்சுது. காலாப்பட்டுல இன்ஜினியரிங் படிச்ச 4 வருஷமும் பஸ்ல, பீச்சுல, மெஸ்ஸுல கிறுக்கினது. கடைசிப் படத்துல இருக்கிற தேதி, வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின நாள். அதுக்கப்புறம் வெறும் வெள்ளைத்தாள்.

பிளஸ் டூ முடிச்சதும் "ஓவியம் படிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "சோத்துக்கு என்னடா பண்ணுவ?"ன்னார் அப்பா. எனக்குப் பதில் தெரியல.

பதில் ஓவியர் கே.எம்.ஆதிமூலம் வாழ்க்கையில் இருக்கு. 1938-ல் துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். 1960-ல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1966-ல் முடித்தார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது. இவர் காலத்தில் முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கர், ஆசிரியர்களில் ஒருவர் சிற்பி தனபால். பள்ளியிலிருந்து கொஞ்சம் நடந்தா சென்ட்ரல் ஸ்டேஷன். அதை ஒட்டி மூர் மார்க்கெட் (1985-ல் எரிஞ்சு போச்சே, அதேதான்). ஸ்டேஷன்ல உட்கார்ந்தா ஊர் ஊரா மனுஷ முகம், மார்க்கெட்ல பழைய புத்தகம். படம், புத்தகம், ஊர் சுத்தல்னு திரியற பையனுக்கு வேறென்ன வேணும்?

சரி, சோறு? அந்த மாணவர்களுக்கும் அதே கேள்விதான். பணிக்கரோட சேர்ந்து சிலர் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள் வித்த காசுல ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கினாங்க. 1966-ல் சோழமண்டலம் உருவாச்சு. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். அப்படியே 1969 காந்தி நூற்றாண்டுக்கு 100 கோட்டோவியங்கள்! சிறுபத்திரிகைகளுக்குப் படம், புத்தகங்களுக்கு அட்டை, தலைப்பு எழுத்து. தமிழ்ப் புத்தகத்தோட முகமே மாறினதுல இவர் பங்கு பெரிசு. 2008-ல் இறக்கும்வரை கோடு நிக்கல.

கி.ரா.வோட 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடன்ல வந்தப்ப படங்கள் இவர்தான். அந்த கி.ரா., காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறு சொல்லிக்கொடுத்து, 2021-ல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தவர். 4 வருஷம் அதே ஊர்ல இருந்தும் ஒருநாள்கூட அவரைப் போய்ப் பார்க்கல நான். ஊர் சுத்தினேன்னு பேரு!

அப்பா கேட்டதுல தப்பில்லை. ஆனா அந்தக் கேள்விக்கு "வேலையும் பார்ப்பேன், வரையவும் வரைவேன்"னு ஒரு பதில் இருந்திருக்கு. வேலை வந்ததும் பேனாவைக் கீழ வெச்சது அப்பா இல்ல, நான்தான்.

நேத்து ராத்திரி அந்த வெள்ளைத்தாள்ல அப்பா தூங்கறதை வரைஞ்சேன். மூக்கு கோணலா வந்திருக்கு. பரவால்ல.

டிஸ்கி: படத்தை ஸ்கேன் பண்ணிப் போடுன்னு யாரும் கேட்கப்படாது :-)