தூய முத்தம்

தூய முத்தம் அல்லது பரிசுத்த முத்தம் என்பது தொடக்ககாலக் கிறித்தவர்கள் தங்களுக்குள் அளித்துக்கொண்ட அன்பு வாழ்த்து ஆகும். வழிபாட்டில் இடம்பெற்ற பின்னர் இது சமாதான முத்தம் எனவும் அழைக்கப்பட்டது.

விவிலியத்தில்

புனித பவுல் தம் திருமுகங்களுள் நான்கில் (உரோமையர் 16:16, 1 கொரிந்தியர் 16:20, 2 கொரிந்தியர் 13:12, 1 தெசலோனிக்கர் 5:26) இவ்வாறு வாழ்த்துமாறு பணிக்கிறார். 1 பேதுரு 5:14 இதனை அன்பின் முத்தம் என்கிறது.

பொருள்

உரோமைப் பேரரசில் முத்தம் பெரும்பாலும் உறவினருக்கும் நெருங்கிய நண்பருக்கும் உரியதாக இருந்தது. கிறித்தவ சபைகளிலோ யூதரும் பிற இனத்தாரும், அடிமைகளும் உரிமைக் குடிமக்களும் ஒன்றுகூடினர். அவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தினர் என்பதை இம்முத்தம் உணர்த்தியது. காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு நல்லுறவு கொள்ள வேண்டும் என்னும் இயேசுவின் போதனையுடனும் (மத்தேயு 5:23-24) இது தொடர்புபடுத்தப்படுகிறது.

வரலாறு

கி.பி. 155 அளவில் எழுதிய ஜஸ்டின், மன்றாட்டுகள் முடிந்தபின், அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுமுன் முத்தம் பரிமாறப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். தெர்த்தூலியன் இதனை இறைவேண்டலின் முத்திரை என்றார். உள்ளத்தில் அன்பின்றி முத்தமிடுவோரை அலெக்சாந்திரியாவின் கிளமெந்து கண்டித்தார். பின்னர் ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் மட்டுமே அளிக்கும் ஒழுங்கு ஏற்பட்டது.

இந்தியாவில்

பொது இடத்தில் முத்தமிட்டு வாழ்த்துவது தமிழர் வழக்கம் அன்று. எனவே இச்சடங்கு இங்கு வேறு வடிவம் பெற்றது. 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950 ஆம் ஆண்டின் திருவிருந்து வழிபாட்டு முறையில், கேரளத்தின் சிரிய மரபைப் பின்பற்றி, கைகளைத் தொட்டுச் சமாதானம் பகிரும் முறையைச் சேர்த்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் கைகூப்பி வணங்கியோ, ஒருவர் தம் கைகளை மற்றவர் கைகளுக்கிடையே வைத்தோ சமாதானம் தெரிவிக்க 25 ஏப்ரல் 1969 அன்று உரோமை இசைவளித்தது.

தொடுதலுக்குத் தமிழகத்தில் தனிப் பொருள் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளம் கோயிலில் வெவ்வேறு சாதியினரைப் பிரித்து வைத்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகற்றப்பட்டது. சாதி பாராது அருகில் நிற்பவரின் கையைப் பற்றும்போதே இவ்வாழ்த்து அதன் தொடக்ககாலப் பொருளைப் பெறுகிறது.