உதறும் முன்சக்கரம்

1923இல் பயர்ஸ்டோன் நிறுவனம் பலூன் டயரைக் கொண்டுவந்தபோது அமெரிக்கக் கார் ஓட்டிகளின் இடுப்பு தப்பித்தது, கை மாட்டிக்கொண்டது. பழைய ஒல்லி டயருக்கு 60 பவுண்டு வரை காற்று அடிக்க வேண்டும். புதியதற்கு ஏறக்குறைய அதில் பாதி போதும், பள்ளம் மேடு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வேகம் சற்று ஏறியதும் முன்சக்கரங்கள் இடவலமாகப் படபடத்தன, ஸ்டியரிங் பிடித்த கை தோள்வரை உதறியது. அதே காலத்தில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வந்து, டிரம்மின் எடையும் சேர்ந்துகொண்டது.

தேய்மானம் என்று சொல்லிவிடலாம்தான். புத்தம் புதுக் கார்களும் உதறினவே!

1925இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அன்று இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு சாயும். சுழலும் சக்கரம் சாய்ந்தால், பம்பரம் போல, திசை திரும்பப் பார்க்கும். இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு அதை மறுபக்கத்துக்கும் கடத்தும். திரும்பிய சக்கரங்கள் மறுபடி அச்சை ஆட்டும்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வந்த ஃபோர்டு மாடல் டி-யின் கதை வேறு. அதில் முன் பிரேக்கே இல்லை. உதறினால் தேய்மானத்தைத்தான் முதலில் தேட வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் தளர்வு. சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலும் கூடவே ஆடினால், அது திரும்பும் கிங்பின்னின் புஷ் போய்விட்டது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு முனைகளின் பிளே தெரியும். பலர் குனிந்து பார்க்காத இடம், அச்சைப் பின்னிருந்து தாங்கும் ராடு எஞ்சினுக்கு அடியில் முடியும் பந்துமுனை. அங்கே ஆட்டம் இருந்தால் அச்சே உருளும், கிங்பின் பின்சாய்ந்து நிற்கும் கேஸ்டர் கோணம் நிலைக்காது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு டாம்பரை மாட்டி உதறலை அடக்குவது சோம்பேறி வைத்தியம். தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

பலூன் டயர்க் கார்களுக்குப் புது புஷ் மட்டும் போதவில்லை. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் காடிலாக்குக்கு வந்த பொறியாளர் மாரிஸ் ஆலி, இரு சக்கரங்களையும் பிணைத்த அந்த அச்சையே ஒழிக்க வேண்டும் என்றார். இத்தாலியின் லான்சியா லாம்டா 1922லேயே அதைச் செய்திருந்தது. 1934 மாடல்களில் காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸும் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனி ஸ்பிரிங்கில் நிறுத்தியது. ஃபோர்டோ 1948 மாடல் வரை பழைய அச்சை விடவில்லை.