பாறை வந்தால் யார் செலவு?

1639இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் வாங்கிய காகிதத்தை நில மானியம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதைக் கட்டுமான ஒப்பந்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம். தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் ஒரு தரப்பு, கடல் தாண்டி வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மறு தரப்பு. கோட்டையை நாயக்கர் தன் செலவில் கட்டித்தர வேண்டும். எந்த இடம், என்ன வடிவம் என்பதை ஆங்கிலேயர் சொல்வார்கள். கட்டி முடித்து அவர்கள் உள்ளே வரும்போது செலவான தொகையைத் திருப்பித் தருவார்கள். துறைமுகச் சுங்க வருமானத்தில் நாயக்கருக்குப் பாதி. இன்றைய மொழியில் சொன்னால், சாவியைக் கையில் வாங்கும்போது பணம்.

நடந்தது வேறு. நாயக்கரின் பணம் வரவில்லை. செலவு கம்பெனி தலையில் விழுந்தது. வாங்கிய கடனுக்கு வட்டியைத் தானே கட்டுவதாக டே சொல்ல வேண்டியிருந்தது. 'நீ சொன்னாயே' என்று முறையிட இரு தரப்புக்கும் பொதுவான நீதிமன்றம் கிடையாது. கொஞ்ச காலத்தில் கம்பெனியே நீதிபதியாகவும் ஆகிவிட்டது என்பது தெரிந்த கதை.

வெளிநாட்டுக் கம்பெனி இன்னொரு ஊரில் வந்து கட்டும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகள் கூடவே வருகின்றன. எதிர்பாராதது நடந்தால் யார் செலவு? தகராறு வந்தால் யாரிடம் போவது?

*

2011இல் சென்னை மெட்ரோ முதல் கட்டத்தின் சுரங்க வேலைகள் மூன்று கூட்டு நிறுவனங்களுக்குப் போயின. மூன்றிலும் ஒரு வெளிநாட்டுப் பங்காளி உண்டு. டிரான்ஸ்டன்னல்ஸ்ட்ராய் (ரஷ்யா) ஆஃப்கான்ஸோடும், ஷாங்காய் அர்பன் கன்ஸ்ட்ரக்ஷன் குரூப் (சீனா) எல் அண்ட் டியோடும், மாஸ்கோ மெட்ரோவைத் தோண்டிய மாஸ்மெட்ரோஸ்ட்ராய் கேமன் இந்தியாவோடும் சேர்ந்தன. திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பானின் ஜைக்கா.

இப்படி வருகிற கம்பெனி முதலில் தேடுவது சட்டத்தில் தனக்கொரு முகவரியை. ரிசர்வ் வங்கி விதிகளில் இதற்கு 'புராஜெக்ட் ஆபீஸ்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இந்திய நிறுவனத்தின் ஒப்பந்தம் கையில் இருந்து, பணம் வெளிநாட்டிலிருந்தோ பன்னாட்டுக் கடன் அமைப்பிடமிருந்தோ வந்தால் தனி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். அடுத்து வருமான வரி. இந்தியா–ஜப்பான் வரி ஒப்பந்தப்படி கட்டுமானத் தளம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்தக் கம்பெனிக்கு இங்கே நிரந்தர இருப்பிடம் வந்துவிட்டதாகப் பொருள். லாபத்துக்கு இங்கே வரி கட்டணும். மெட்ரோ சுரங்கத்தை ஆறு மாதத்தில் யாரும் முடித்ததில்லை.

மூன்றாவதுதான் கனமானது: கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ஒருவர் கைவிட்டாலும் முழு வேலையும் மற்றவர் தலையில்.

அண்ணா சாலையில் இந்த மாதிரிக் கூட்டு ஒன்று முறிந்ததைப் பார்த்தோம். மே தினப் பூங்கா முதல் சைதாப்பேட்டை வரையிலான வேலை கேமன்–மாஸ்மெட்ரோஸ்ட்ராய் கையில் இருந்தது. பாதியில் நின்றது. 2015இல் மெட்ரோ நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மிச்ச வேலையை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் மேம்பாலப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தேனாம்பேட்டைக்கும் நந்தனத்துக்கும் ரயில் வர 2018 மே 25 ஆனது. ஆயிரம் விளக்குக்கு 2019 பிப்ரவரி 10. அத்தனை வருஷமும் தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து ஆபீஸ் போனவர்களில் நானும் ஒருத்தன்.

தரைக்கு அடியில் வேலை ஏன் இப்படிச் சிக்குகிறது? சென்னையின் மண் ஒரே மாதிரி இல்லை. கொஞ்ச தூரம் களிமண்ணும் மணலும், திடீரென்று கடும் பாறை, சில இடங்களில் ஒரே முகப்பில் இரண்டும். டெண்டர் போடும்போது கையில் இருப்பது அங்கங்கே போட்ட சில ஆழ்துளைகளின் அறிக்கைதான். நடுவில் என்ன இருக்கிறது என்பது ஊகம். ஐடியில் நாங்கள் அனுப்பும் புரபோசலில் 'அசம்ப்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். கையெழுத்தாகும்வரை யாரும் படிக்க மாட்டார்கள். சண்டை வந்ததும் எல்லோரும் அதைத்தான் திறப்பார்கள்.

உலகக் கட்டுமானத் துறையில் அந்தப் பக்கத்தின் பெயர் ஃபிடிக் 4.12. 1913இல் தொடங்கப்பட்ட பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக், நாடு நாடாகப் பயன்படும் மாதிரி ஒப்பந்தங்களை வெளியிடுகிறது. அவற்றின் 1999 பதிப்பில், அனுபவமுள்ள ஒப்பந்ததாரரால்கூட முன்கூட்டி கணிக்க முடியாத தரைநிலை வந்தால் கூடுதல் நாளும் கூடுதல் செலவும் கேட்கலாம் என்கிறது இந்தப் பிரிவு. பல அரசு நிறுவனங்கள் கையெழுத்துக்கு முன் முதலில் கை வைப்பதும் இதில்தான்: 'பாறை உன் பாடு' என்று திருத்திவிடுவார்கள். செலவு மிச்சமானதுபோல் தெரியும். ஆனால் ஒப்பந்ததாரர் பயத்தையும் சேர்த்து விலை போடுவார், அல்லது குறைத்துப் போட்டுவிட்டு நடுவழியில் மூச்சுத் திணறுவார். ஒப்பந்தம் ரத்தானால் தளத்தில் உள்ள இயந்திரங்களை வைத்தே மீதி வேலையை முடிக்க ஃபிடிக் படிவம் அனுமதிக்கிறது. மண்ணுக்குள் நிற்கும் துளையிடும் இயந்திரத்தை எப்படியும் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாதுதானே.

*

இரண்டாவது கேள்வி, யாரிடம் போவது. வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளூர் நீதிமன்றத்தைவிட நடுவர் மன்றத்தையே விரும்பும். சிங்கப்பூரிலோ லண்டனிலோ உட்கார்ந்து பேசலாம் என்ற நம்பிக்கை. இந்தியப் பங்காளியோடு கூட்டு சேர்ந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். மும்பை மோனோரயில் வழக்கில் எல் அண்ட் டியோடு சேர்ந்திருந்த மலேசியாவின் ஸ்கோமி, இது பன்னாட்டு நடுவர் வழக்கு என்றது. கூட்டமைப்பின் நிர்வாகம் மும்பையில் நடக்கிறது, ஆகவே உள்நாட்டு வழக்குதான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சென்னையில் டிரான்ஸ்டன்னல்ஸ்ட்ராய்–ஆஃப்கான்ஸ் வழக்கு இன்னொரு ரகம். நடுவர்கள் தங்கள் கட்டணத்தை அமர்வுக்கு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். மெட்ரோ நிறுவனம் நடுவர்களையே நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 அக்டோபரில் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை மறுத்தது. சுரங்கத்தில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, சண்டையைத் தீர்ப்பவர்களின் சம்பளத்தைப் பற்றிய சண்டை.

அதே கூட்டு நிறுவனம் ஜிஎஸ்டியிலும் பெயர் பதித்திருக்கிறது. வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் அதிக வரி, செய்து கொடுக்கும் வேலைக்குக் குறைந்த வரி என்றால் வித்தியாசத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பொருளுக்கு உண்டு, சேவைக்கு இல்லை என்ற விதியை 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

*

இப்போது இரண்டாம் கட்டம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஜைக்காவோடு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனும் இதில் இருக்கிறது. மயிலாப்பூரில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கின்றன, தி.நகரில் பனகல் பூங்கா அருகே நிலையம், அடையாறில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம். கச்சேரி சாலையிலோ உஸ்மான் சாலையிலோ நடக்கும்போது நாம் பார்ப்பது தடுப்பும் தூசும்தான். அடியில் ஓடுவது பிரிவுகளும் உட்பிரிவுகளும்.

அந்தப் பக்கங்களில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது: வேலை கொடுப்பவர், செய்பவர், கடன் கொடுப்பவர், காப்பீட்டாளர், நடுவர். மேலே ஐம்பது வருஷப் பழைய வீட்டில் குடியிருப்பவர் அதில் கையெழுத்திடவில்லை. சுவரில் விரிசல் விட்டால் அவர் ஒப்பந்தத்தைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. சுரங்கம் வருமுன் கட்டடங்களைப் படம் எடுத்துப் பதிவு செய்வது வழக்கம். அந்தப் பதிவின் ஒரு பிரதிதான் அவர் கையில் இருக்கக்கூடிய ஆயுதம். அதைக் கேட்டு வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க் கட்டணத்தில்.

1639இலும் அந்தக் கடற்கரையில் ஒரு மீனவக் குப்பம் இருந்தது. நாயக்கரின் காகிதத்தில் அவர்களிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை. அவர்கள் கேட்டுப் பார்க்க வழியும் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.