கிருஷ்ணதேவராயர் எம்மொழியில் பேசினார்? ‘ஆதித்யா 369’ஐ மீண்டும் கண்டபின் ஒரு குறிப்பு

2025 ஏப்ரல் 4 அன்று ‘ஆதித்யா 369’ 4கே தரத்தில் மீண்டும் திரைக்கு வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 1991 ஜூலையில் முதலில் வெளியான தெலுங்குப் படம் இது. மறுவெளியீட்டைத் திருப்பதியில் ஓர் அரங்கில் பார்த்தேன். (திருப்பதி தனி மாவட்டமாகி அன்றோடு மூன்றாண்டு நிறைவு என்பது வீடு திரும்பிய பின்னரே உறைத்தது.)

படத்தை முதலில் கண்டது சிறுவயதில், சித்தூரில் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில். ‘அபூர்வ சக்தி 369’ என்னும் தமிழ் மொழிமாற்று வடிவம் அது. அன்று மங்கிய கோலமாகத் தெரிந்த அரசவை இன்று தூண்தூணாகத் துலங்குகிறது. துலக்கம் இரக்கமற்றது, எது கல், எது சாந்து பூசிய பலகை என்பதையும் காட்டிவிடுகிறது. இளையராஜாவின் இசைக்கு அவ்வகை ஆபத்து இல்லை.

கதை பலரும் அறிந்ததே. பேராசிரியர் ஒருவர் அமைத்த காலப்பொறியில் கிருஷ்ணகுமாரும் (பாலகிருஷ்ணா) ஹேமாவும் (மோகினி) 1526ஆம் ஆண்டு விஜயநகரத்தில் சென்று இறங்குகிறார்கள். பின்னர் 2504க்கும் செல்கிறார்கள். எச். ஜி. வெல்ஸின் நாவல் தந்த தூண்டுதல் வெளிப்படை. ஓராண்டு முன்னர் 1990இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ மூன்றாம் பாகத்தில் நாயகன் 1885ஆம் ஆண்டின் மாட்டிடையர் ஊருக்குச் செல்கிறான். அங்கே மொழி ஒரு சிக்கலே அன்று. இடைவெளி ஒரு நூற்றாண்டளவே. இங்கோ, வெளியான ஆண்டிலிருந்து பின்னோக்கி 465 ஆண்டு, முன்னோக்கி 513 ஆண்டு. இரு திசையிலும் எல்லாரும் தெலுங்கு பேசுகிறார்கள், எல்லார்க்கும் புரிகிறது. ஜந்தியாலாவின் உரையாடலில் அரசவைக்கென ஒரு செவ்விய நடை உண்டு. பழமையை உணர்த்த அந்நடையே போதுமானதாகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. திரைப்படத்துக்கு அது தவிர்க்கவியலாத உடன்பாடு. ஆயினும் மொழியியல் பயின்றவர்க்கு, அதிலும் இவ்வட்டாரத்தவர்க்கு, அவ்வரசர் விட்டுச்சென்ற சொற்கள் அரங்கிலிருந்து ஒரு மலையேற்றத் தொலைவில் கல்லில் நிற்கின்றன என்பதை மறப்பது கடினம்.

1509இல் அரியணை ஏறிய கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய தேவியர் இருவருடன் அவர் கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனிகள் கோயிலில் இன்றும் உள்ளன. 1513ஆம் ஆண்டுக் கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டினால் பெரும்பான்மை தமிழ். தெலுங்கும் கன்னடமும் சிறுபங்கே. நிலம், நெய், அரிசி, பிரசாதப் பங்கு என்று கணக்கு எழுதிய கை, கிரந்த எழுத்து கலந்த தமிழில் எழுதிற்று.

இவ்விடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். கல்வெட்டைக் காட்டி ‘மண் எங்களுடையது’ என்று சொல்லும் வழக்கம் இங்கே பழையது. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைந்தது; 1953இல் ஆந்திரத்துடன் சென்றது; வட எல்லைப் போராட்டத்தின் பின் 1960இல் திருத்தணி மட்டும் தமிழகம் சேர்ந்தது. அவ்வழக்கில் இரு தரப்பும் கல்வெட்டைச் சான்றாக அழைத்ததுண்டு. கல்வெட்டின் மொழி அலுவலின் மொழி. அதனைக் கொண்டு வீட்டில் எம்மொழி பேசினர் என்று முடிவுகட்ட இயலாது. அதே அளவில், அரசவை முழுதும் தெலுங்கு என்னும் படத்தின் காட்சியும் சான்றாகாது. துளுவ மரபில் வந்து, கன்னடப் பகுதியில் தலைநகர் வைத்து, தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ பாடியவர் அவர். அந்நூலின் தலைவியோ தமிழ் பாடிய ஆண்டாள். நூல் படைக்கப்பட்டதோ திருவேங்கடவனுக்கு. ஒரே மனிதரிடம் இத்தனை மொழிகள் சண்டையின்றி இருந்திருக்கின்றன.

ஆகவே என் பழைய கருத்து ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. உதட்டசைவோடு ஒட்டாத அத்தமிழ்க் குரலைக் கல்லூரி நாள்களில் கேலி செய்திருக்கிறேன். பாட்டி ஒரு முறையும் சிரித்ததில்லை. ராயர் தமிழில் பேசுவது அவருக்கு வியப்பாகவே படவில்லை. தெனாலிராமனைத் தமிழ்க் கதைகளில் அறிந்தவர் அவர். சந்தையில் தெலுங்கு, அடுப்படியில் தமிழ் என வாழ்ந்தவர்க்கு அரசரும் அவ்வாறே இருந்திருப்பார் என்பது இயல்பான ஊகம். திருமலையின் சுவர் அவ்வூகத்துக்குப் பாதியேனும் இடம் தருகிறது. நான் அரங்கில் கண்ட துல்லியமான படத்தில் அப்பாதி இல்லை.

ஒரு வேண்டுகோளுடன் நிறுத்துகிறேன். ‘அபூர்வ சக்தி 369’இன் ஒலித்தடம் தெளிவாக உள்ள படி எவரிடமேனும் இருப்பின் தெரிவியுங்கள். அரசவைக் காட்சிகளில் தெலுங்கின் செவ்விய நடைக்கு ஈடாகத் தமிழில் எவ்வகை நடையைத் தேர்ந்தனர் என்பதை வரிவரியாக ஒப்பிட விரும்புகிறேன். என் நினைவில் இருப்பது சிறுவன் ஒருவனின் செவி கொண்டுவந்தது மட்டுமே.